ஒரு தட்டு தட்டினால் கணக்கில் வராது

இல்லை அக்கா, நான் டீச்சர் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிய இந்த மட்டைகளைப் பார்த்து எல்கேஜி மிஸ் என்று நினைத்துவிட்டீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். போன மாதம் ரயிலில் ஒரு பெரியவர் ஐந்தாம் எண் மட்டையை வாங்கி விசிறிக்கொண்டே மதுரை வரை வந்தார். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இறங்கும்போது அவராகவே கொடுத்துவிட்டார். நல்ல மனிதர்.

இது பாஸ்கெட்பால் சாமான் அக்கா. மேட்ச் நடக்கும்போது ஓரத்தில் மேசை போட்டு நாலு பேர் உட்கார்ந்திருப்போம். யாராவது ஃபவுல் செய்தால் அது அவளுக்கு எத்தனையாவது என்று மட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஐந்தைத் தூக்கினால் அவள் வெளியே போய்விட வேண்டும். என் ஆயுளில் ஒருத்தரை வெளியே போ என்று நான் சொன்னதெல்லாம் இந்த மட்டையால்தான். வாயால் சொன்னதே இல்லை.

இல்லை, ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள். எனக்கு ஒரே ஒரு கவலைதான். சத்திரப்பட்டி தாண்டி இரண்டு கிலோமீட்டரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே ஸ்டாப் கிடையாது. கண்டக்டரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். டிக்கெட் வாங்கும்போதே சொல்லலாம் என்று மூன்று முறை தொண்டையைச் செருமினேன். "சில்லறை இல்லம்மா, அப்புறம் தாரேன்" என்று போய்விட்டார். நான் சில்லறை கேட்கவே இல்லை. பரவாயில்லை, ஒட்டன்சத்திரம் வருவதற்குள் சொல்லிவிடுவேன்.

மேசையில் நான் என்ன செய்வேனா? எழுதுவேன். யார் பந்தைக் கூடையில் போட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும், கை தட்டுகிறார்களே. போட்டவளுக்குப் பந்தைக் கொடுத்தது யார் என்றும் எழுத வேண்டும். அதற்கு அசிஸ்ட் என்று பெயர். இப்போது நீங்கள் உங்கள் மடியில் இருக்கிற கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்துக் கொடுக்கிறீர்கள், நான் உடனே கடிக்கிறேன் என்று வையுங்கள். தின்றது நான். அசிஸ்ட் உங்களுக்கு.

ஐயோ, ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன். நிஜமாகவே கொடுக்கிறீர்களே. மிளகாய்த்தூள் வேறா.

சரி, பெரியதுதான். வைத்துக்கொள்கிறேன். அசிஸ்ட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. வாங்கின கையோடு போட்டுவிட வேண்டும். வாங்கினவள் பந்தைத் தரையில் தட்டித் தட்டி, நாலு பேருக்குத் தண்ணி காட்டிவிட்டுப் போய்ப் போட்டாள் என்றால் அது அவள் சாமர்த்தியம். கொடுத்தவளுக்கு அதில் பங்கில்லை. சரி, ஒரே ஒரு தட்டு தட்டினால்? அங்கேதான் சிக்கல். அதை மேசையில் உட்கார்ந்திருப்பவள்தான் முடிவு செய்ய வேண்டும். என் கதையே அந்த ஒரு தட்டில்தான் இருக்கிறது.

இந்த வார்த்தையின் பூர்வீகத்தையெல்லாம் நான் துருவியிருக்கிறேன் அக்கா. எங்கள் கல்லூரியில் விளையாட்டுத் துறைக்கு ஒரு நோட்டீஸ் போர்டு உண்டு. 'இந்த வாரச் சொல்' என்று வாரம் ஒன்று எழுதி ஒட்டுவேன். அசிஸ்ட் என்றால் லத்தீனில் 'பக்கத்தில் நிற்பது' என்று பொருளாம். முதலில் பேஸ்பாலில் இருந்திருக்கிறது, பிறகு ஐஸ் ஹாக்கியில். ஐஸ் ஹாக்கிக்காரர்கள் தாராளமானவர்கள். கொடுத்தவளுக்கும் உண்டு, அவளுக்குக் கொடுத்தவளுக்கும் உண்டு, ஒரு கோலுக்கு இரண்டு பேர் வரை எழுதலாம். பாஸ்கெட்பாலில் கடைசியாகக் கொடுத்த ஒருத்திக்கு மட்டும்தான். அந்தக் காலத்தில் வாங்கினவள் ஒரு தட்டு தட்டினாலே அசிஸ்ட் கிடையாது என்று எழுதினவர்கள் உண்டாம். இப்போது அவ்வளவு கறார் இல்லை. நான் கறார் கட்சி.

எப்படி இந்தப் பக்கம் வந்தேனா? தானாக வந்ததுதான். எல்லாமே எனக்குத் தானாகத்தான் அமையும். ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாள் அறைக்கு மூன்று பேர், கட்டில் இரண்டு. எனக்கு இல்லை. வார்டன் சிஸ்டரிடம் போய்க் கேட்க வேண்டும். காலையிலிருந்து அவர் அறை வாசலில் நின்றேன். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வழி விட்டேன். வாட்ச்மேனின் மனைவி என்று நினைத்து ஒரு பெண் என்னிடம் செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் சிஸ்டராகவே கூப்பிட்டுக் கட்டில் போடச் சொல்லிவிட்டார்.

அதற்கு முன்னால் பேச்சி உள்ளே போனாள். அது ஒன்றுமில்லை. முத்துப்பேச்சி என்று உசிலம்பட்டிக்காரி, என் அறைதான். விளையாட்டுக் கோட்டாவில் வந்தவள். தடாலென்று கதவைத் திறந்து, "சிஸ்டர், இந்தப் புள்ளைக்குக் கட்டிலே இல்ல. காலைல இருந்து வாசல்லயே நிக்கிது. தூணுன்னு நெனச்சு எவளாவது துணி காயப் போட்டுருவா" என்றாள். அதற்கப்புறம் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு ஊர், பேர், மதிப்பெண் எல்லாம் விசாரித்தார். நானும் பதில் சொன்னேன், தலையசைத்து. அதற்குப் பிறகுதான் கட்டில். ஆகவே அது சிஸ்டர் கொடுத்ததுதான்.

பேச்சி பேருக்கேற்ற மாதிரி வாய் மூடமாட்டாள். சட்டையில் ஏழாம் நம்பர். டீமில் அவள் பாயிண்ட் கார்டு. அதாவது பந்தைக் கொண்டுபோய் மற்ற நாலு பேருக்கும் பங்கு வைக்கிறவள். தனக்கென்று போட்டுக்கொள்ளத் தெரியாதவள் இல்லை. கொடுப்பதில்தான் அவளுக்கு ருசி. எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள், பந்து இங்கே வந்திருக்கும்.

என்னையும் ஒருநாள் கிரவுண்டுக்கு இழுத்துப் போனாள். பந்து நேராக மூக்கில் வந்தது. பிடிக்க வேண்டும் என்று தெரியும், கையை எடுக்கத்தான் கூச்சமாக இருந்தது. கோச் ஆக்னஸ் மேடம் ஐஸ்கட்டி வைத்துவிட்டு, "நாளைல இருந்து நீ வராதம்மா" என்றார். பேச்சிதான், "மேடம், இவ வெளையாட லாயக்கில்ல. ஆனா இவ கண்ணு தப்பாது. மெஸ்ஸில எவ எத்தன இட்லி தின்னான்னு கேளுங்க, நிமிந்து பாக்காமலே சொல்லுவா. மேசையில ஒக்கார வையுங்க" என்றாள். மேடம் என்னைச் சோதித்தார். பத்து நிமிடம் ஆட்டத்தைப் பார்க்கவிட்டு, எத்தனை பாஸ் போனது என்று கேட்டார். முப்பத்தெட்டு என்று விரலால் காட்டினேன். சரியாக இருந்தது. சோதனையில் தேறித்தான் அக்கா அந்த நாற்காலி எனக்கு வந்தது. யார் சிபாரிசும் இல்லை.

என்ன, விரலை மடக்குகிறீர்கள்? இன்னும் எத்தனை ஸ்டாப் என்றா? ரெட்டியார்சத்திரம் போய்விட்டது.

சரி, மனத்தாங்கலுக்கு வருகிறேன். நான் அசிஸ்ட்டைப் பற்றி ஒட்டின தாளை ஒருத்தியும் படிக்கவில்லை. இரண்டாம் நாளே காற்று கிழித்துப் போட்டுவிட்டது. பேச்சி அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, மெஸ்ஸில் பெஞ்சு மேல் ஏறி நின்று வாசித்தாள். எப்படி வாசித்தாள் தெரியுமா? என்னை மாதிரி! வாயை மட்டும் அசைத்தாள், சத்தமே இல்லை. நூற்றிருபது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு, "இதுதாண்டி சுகிர்தா வாய்ஸ். டிவியில மியூட்டு போட்ட மாதிரி" என்று சொல்லிவிட்டு, நிஜக் குரலில் முழுக்க வாசித்தாள். அது நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. கை தட்டினார்கள். அங்கே இருந்த தமிழ் மேடம் கேட்டுவிட்டு என்னைக் கல்லூரி மலருக்கு ஆசிரியராகப் போட்டார்கள். அந்த மலரைக் காட்டித்தான் இப்போது இருக்கிற வேலை கிடைத்தது, அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது. அது என் எழுத்துக்குக் கிடைத்தது. ஆனால் பேர்? அன்றிலிருந்து என் பேர் மியூட்டு. சிஸ்டரே, "மியூட்டு, அந்த ஃபேன அணைச்சிட்டுப் போ" என்பார். விடைத்தாளில் ஒருமுறை நானே மி என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். மூன்று வருடம் அக்கா. மூன்று வருடமும் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. சொன்னால்தான் அந்தப் பேர் பொருந்தாதே.

பழிவாங்கினேன் என்று நினைக்காதீர்கள். அப்படி ஒன்றுமே நடக்கவில்லை. கடைசி வருடம் மண்டலப் போட்டி எங்கள் கல்லூரியில் மூன்று நாள் நடந்தது. அதைப் பார்த்துத்தான் பல்கலைக்கழக டீமுக்கு எடுப்பார்கள். பாயிண்ட் கார்டுக்கு ஒரே ஒரு இடம். பேச்சிக்கு அந்த இடம் கிடைத்தால் ரயில்வே தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். "டீமுக்குப் போயிட்டேன்னா, ரயில்வேக்காரன் கூப்புடுவான். கூப்புட்டான்னா, எங்கம்மா இனிமே பருத்திக் காட்டுக்குப் போவேணாம்" என்று விளக்கை அணைத்த பிறகும் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் கூடையில் போடுகிறவள் இல்லையே. அவளுக்கென்று காட்ட இருக்கிற ஒரே எண் அசிஸ்ட். அந்த எண்ணை எழுதுகிறவள் நான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அந்தந்தக் கல்லூரிக்கு அந்தந்தக் கல்லூரிப் பெண்தான் எழுதுவாள். எல்லோரும் தங்கள் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தாராளமாகத்தான் எழுதுவார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த எதிர்க் கல்லூரிப் பெண், நித்திலா என்ற அவர்கள் பாயிண்ட் கார்டுக்கு, வாங்கினவள் நாலு தட்டு தட்டி, நடுவில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போய்ப் போட்டாலும் அசிஸ்ட் எழுதினாள். எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. ஒரு தட்டு தட்டினாலும் கணக்கில் வராது என்று வைத்துக்கொண்டேன். பேச்சிக்கு மட்டும் இல்லை அக்கா, எங்கள் டீமில் ஐந்து பேருக்கும் ஒரே சட்டம். மற்ற நாலு பேரும் பாஸ் கொடுப்பதே இல்லை என்பது அவர்கள் பாடு.

பக்கத்து நாற்காலிக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இவங்க உங்க டீமா, எதிர் டீமா?" என்று கேட்டாள். பேனாவை மூடித் திறந்தேன்.

இறுதி ஆட்டம் முடிந்ததும் தேர்வாளர் தாளை எடுத்துப் படித்தார். நித்திலா ஒன்பது. முத்துப்பேச்சி மூன்று. ஆக்னஸ் மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன சுகிர்தா, மூணா? என் கண்ணால நானே ஏழெட்டு பாத்தேனே!" என்றார். அப்போது பேச்சி, வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்து, "விடுங்க மேடம். மியூட்டு எழுதுனா எழுதுனதுதான். அவ கண்ணு தப்பாது. நாந்தான் சரியாக் குடுக்கல போல" என்றாள்.

மேடம் விட்டுவிட்டார். நித்திலாவை எடுத்துக்கொண்டார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மெஸ்ஸில் கேசரி. பேச்சி தன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள், பசிக்கவில்லை என்று. அவள் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் கேசரியைச் சாப்பிட்டேன். வீணாக்கக் கூடாது அல்லவா?

இப்போது எங்கே இருக்கிறாளா? அதே பள்ளிக்கூடத்தில்தான், நான் இறங்குகிற இடத்தில். தற்காலிகப் பி.டி. டீச்சர். இன்றைக்கு மாவட்டப் பள்ளிகளுக்கான போட்டி, அவளுடைய பிள்ளைகளும் ஆடுகிறார்கள். இல்லை, அவள் கூப்பிட்டு நான் போகவில்லை. பாஸ்கெட்பால் சங்கச் செயலாளரே நேரடியாகப் போன் செய்து கூப்பிட்டார். "முத்துப்பேச்சி டீச்சர் ஒரே பிடியா நிக்கிறாங்க. எங்க பிள்ளைங்களுக்கு எழுத சுகிர்தாதான் வேணும், அவ கண்ணு தப்பாதுன்னு சொல்றாங்க" என்றார். ஆனாலும் போன் செய்தது செயலாளர்தானே.

ஒட்டன்சத்திரமா? அதற்குள்ளா? தக்காளிக் கூடை ஏற்றும்போது கண்டக்டர் இந்தப் பக்கம் வந்தார், நான் சொல்லத்தான் போனேன், நீங்கள் பார்த்தீர்களே. அவர் கோபமாக இருந்தார். சத்திரப்பட்டியில் சொல்லிவிடுவேன்.

இந்தத் தாளா? இது ஒன்றுமில்லை. மட்டையோடு சேர்ந்து வந்துவிட்டது. அந்த இறுதி ஆட்டத்தின் கார்பன் நகல், ரோஸ் நிறம். வெள்ளையைத் தேர்வாளர் எடுத்துக்கொண்டார், இது என்னிடம் தங்கிவிட்டது. நாலு வருடமாகப் பெட்டியில் புடவைக்கு அடியில் இருக்கிறது. போன வாரம் பழைய மாணவிகள் குரூப்பில் யாரோ அந்த ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுவிட்டார்கள். நான் சும்மா எண்ணிப் பார்த்தேன். மெய்ப்புத் திருத்துகிறவள் இல்லையா, கண் சும்மா இருக்காது. எல்லோரும் எழுதுகிற மாதிரி எழுதினால் பதினொன்று வருகிறது. பதினொன்று. நித்திலாவுக்கு ஒன்பதுதான்.

என் சட்டப்படி எழுதினால், ஒரு தட்டும் இல்லாமல், வாங்கின கையோடு போட்டது மட்டும்...

ஆறு.

ஆமாம், நான் எழுதியது மூன்று. மீதி மூன்று எப்படி விட்டுப்போனது என்றுதான் எனக்கும் புரியவில்லை. பேனாவில் மை தீர்ந்திருக்கும். அன்றைக்கு மை தீர்ந்தது அக்கா, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நடுவில் பேனா மாற்றினேன்.

கார்பன் தாளா? ஆமாம். மை இல்லாவிட்டாலும் அழுத்தினது கீழே பதியும்தான். அதையெல்லாம் நீங்கள் எப்படித் தெரிந்துவைத்திருக்கிறீர்கள்? மண்டியில் பில் போடுவீர்களா. சரி.

இல்லை. கீழேயும் பதியவில்லை.

அப்படிப் பார்க்காதீர்கள் அக்கா. கொய்யாவைத் திருப்பிக் கொடுத்துவிடவா?

இல்லை, அவளிடம் எப்படிச் சொல்வது? ஸ்டாப்பில் நிறுத்துங்கள் என்று கண்டக்டரிடம் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தாளை அவள் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்துவந்தேன். பதினொன்று என்று திருத்தி, கையெழுத்துப் போட்டு. அதனால் ரயில்வே அவளை இப்போது கூப்பிடப் போவதில்லை, தெரியும். பஸ் ஸ்டாண்டில் இரண்டு முறை எடுத்துத் திறந்தேன். கூட்டமாக இருந்தது. ஆடுகிற பஸ்ஸில் எழுதினால் கோணலாகப் போகும்.

மறுபடியும் விரலா? அப்படி எதைத்தான் எண்ணுகிறீர்கள்?

ஐந்தா? எது ஐந்து?

பேச்சிக்கா! ஐயோ, பாஸ்கெட்பால் என்றால் என்னவென்று ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கேட்டவர் நீங்கள். அதற்குள் மேசையில் உட்கார்ந்துவிட்டீர்கள். சரி, சொல்லுங்கள் பார்ப்போம். கட்டிலா? அது வராது. நடுவில் சிஸ்டர் விசாரித்தார், நான் தலையசைத்தேன், அது ஒரு தட்டு. மேசை நாற்காலி? அதுவும் வராது, சோதனை நடந்தது. கல்லூரி மலர்? தமிழ் மேடம் நடுவில் இருக்கிறார்கள். இன்றைய போன்? செயலாளர். நீங்கள் ஐஸ் ஹாக்கிச் சட்டத்தில் எண்ணுகிறீர்கள் அக்கா, அதுதான் தப்பு. இது நாலுதானே, ஐந்தாவது எது?

கேசரி.

கேசரியில் நடுவே யாரும் இல்லை. அவள் தள்ளினாள், நான் சாப்பிட்டேன். வாங்கின கையோடு.

அது... அது ஒன்று. சரி. என் சட்டத்திலேயே அது ஒன்று. மூன்று என்று எழுதிவிட்டு வந்த அதே நாள்.

என்ன ஊர் இது? சத்திரப்பட்டி போய்விட்டதா? ஐயோ, கண்டக்டர் முன்னால் டிரைவரோடு பேசிக்கொண்டிருக்கிறாரே. பழனியில் இறங்கித் திரும்பி வந்தால் முதல் ஆட்டம் முடிந்துவிடும். நீங்கள் சொல்கிறீர்களா? வேண்டாம், இல்லை, சொல்லுங்கள், ஆனால் சத்தமாக வேண்டாம், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்...

பஸ் எதற்கு நிற்கிறது? நீங்கள் இன்னும் எழுந்திருக்கவே இல்லையே.

முன்னால் பாருங்கள். சாலை நடுவில் டிராக் சூட் போட்டுக்கொண்டு, விசிலை ஊதிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி நிற்கிறாள். அவளேதான். எந்த பஸ்ஸில் வருகிறேன் என்று செயலாளருக்குத்தான் மெசேஜ் போட்டேன், அவர் சொல்லியிருப்பார். டிரைவர் திட்டுகிறார். அவள் கேட்கவா போகிறாள்? "அண்ணே, உள்ள ஒருத்தி இருக்கா. ஊமை மாதிரி ஒக்காந்திருப்பா, வாயத் தொறந்து நிறுத்தச் சொல்ல மாட்டா. பழனி வரைக்கும் கூட்டிட்டுப் போயிராதீங்க. ஏய் மியூட்டு! எறங்குடீ!"

தெரியும் அக்கா, ஆறாவது விரலை மடக்க வேண்டாம், நானே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மட்டையைக் கொஞ்சம் பிடியுங்கள். இல்லை, ஐந்தாம் எண்ணைக் கொடுங்கள், அதன் மேல் வைத்து எழுதினால் கோணாது. பஸ் நிற்கும்போதே எழுதிவிடுகிறேன். டிரைவர் ஹாரன் அடிக்கட்டும், ஒரு நிமிடம்தான். ஏழாம் நம்பர், முத்துப்பேச்சி. இதோ, இந்த மூன்றை அடித்துவிட்டுப் பக்கத்தில்...

இருங்கள், பேனாவில் மை இருக்கிறதா என்று ஓரத்தில் கிறுக்கிப் பார்க்கிறேன்.

இருக்கிறது அக்கா. எழுதுகிறது.